புள்ளியா, கோளா? நானூறு ஆண்டு ஐயத்தின் வரலாறு

தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தில், ஐயமுற்ற நிலையில் எவ்வாறு பேச வேண்டும் என்பதற்கு விதி வகுக்கப்பட்டுள்ளது. தொலைவில் ஓர் உருவம் தெரிகிறது. மரக்கட்டையா, மனிதனா என்பது புலப்படவில்லை. அந்நிலையில் உயர்திணைக்குரிய சொல்லாலோ அஃறிணைக்குரிய சொல்லாலோ துணிந்து கூறாமல், இரண்டுக்கும் பொதுவான சொல்லால் கூற வேண்டும் என்பது அவ்விதியின் கருத்து. உரையாசிரியர்களும் கட்டையையும் மனிதனையுமே எடுத்துக்காட்டாகத் தந்தனர். அறியாததை அறிந்ததுபோல் சொல்லக்கூடாது என்னும் நெறியை, ஒழுக்க நூலுக்கு விட்டுவிடாமல், இலக்கணத்துக்குள்ளேயே நம் முன்னோர் வைத்தனர்.

இவ்வுரையில் நாம் பேச எடுத்துக்கொண்டது வானியல் பொருள். ஆயினும் அதன் உட்கிடை அந்தப் பழைய ஐயமே. ஒளிரும் வட்டத்தின் மேல் கரும்புள்ளி ஒன்று தெரிகிறது. அது வட்டத்துக்கே உரிய கறையா? அல்லது வட்டத்துக்கும் நமக்கும் இடையே கடந்து செல்லும் வேறொரு கோளா? பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூரியனைக் குறித்து எழுந்த இவ்வினா, இன்று பல ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள விண்மீன்களைக் குறித்து மீண்டும் எழுந்து நிற்கிறது. வேறோர் உலகில் நீர் உண்டா என்னும் வினாவுக்கான விடையும் இப்போது இதனைச் சார்ந்திருக்கிறது.

1. சொற்கள் சில

கோள் என்பது கொள் என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர். நாண்மீன், கோண்மீன் என்னும் பாகுபாடு சங்க நூல்களிலேயே உண்டு. பட்டினப்பாலையில் இவ்விரு சொற்களையும் ஒருங்கே காணலாம். தத்தம் இடம் மாறாமல் ஒருங்கே சுழல்வன நாண்மீன்கள். அவற்றினூடே இடம் பெயர்ந்து திரிவன கோண்மீன்கள். இரண்டையும் பிரித்தறிய நம்மவர் கொண்ட அளவுகோல் ஒளியன்று, இயக்கமே. இக்குறிப்பு பின்னர் நமக்குப் பயன்படும்.

சூரியனைத் தவிர்த்த பிற விண்மீன்களைச் சுற்றிவரும் கோள்களைப் புறக்கோள் என்கிறோம். ஒரு கோள் தன் விண்மீனின் முகத்துக்குக் குறுக்கே செல்வதைக் கடப்பு எனலாம். நிலவின் கறையை மறு என்பது பழந்தமிழ் வழக்கு. திருக்குறளின் காமத்துப்பாலிலும் அது வருகிறது. சூரியனின் கறைக்கு அத்தகைய பழஞ்சொல் ஊன்றவில்லை. ஆகவே பள்ளிகளில் வழங்கும் சூரியப் புள்ளி என்பதையே ஏற்று, பிற விண்மீன்களில் உள்ளவற்றை விண்மீன் புள்ளி என வழங்குவோம்.

2. கோள் எனக் கொள்ளப்பட்ட புள்ளி

பெரிய சூரியப் புள்ளிகளை வெறுங்கண்ணாலும் காண இயலும். சீன அரசவைக் குறிப்புகளில் கி.மு. முதல் நூற்றாண்டிலிருந்தே அவை பதிவாகியுள்ளன. மேலை உலகிலோ சூரியன் மாசற்றது என்னும் கொள்கை ஆழ வேரூன்றியிருந்தது. 807ஆம் ஆண்டில் சூரியன்மேல் சிறு கரும்புள்ளி ஒன்று எட்டு நாள் தெரிந்ததைப் பிராங்கிய அரச ஏடு பதிவு செய்தபோது, அது புதன் கோள் என்றே எழுதியது. புதன் சூரியனைக் கடக்கச் சில மணி நேரமே ஆகும். எட்டு நாள் தங்குவது இயலாது. கண்டவர்கள் பொய் சொல்லவில்லை. சூரியனில் புள்ளி உண்டு என்பதற்கு அவர்களிடம் கருத்து இல்லை, எனவே பெயரும் இல்லை. கையில் இருந்த பெயரை இட்டனர்.

1607ஆம் ஆண்டு மே மாதம் பிராகா நகரில் யொகான்னஸ் கெப்ளரும் அதே வழியில் சென்றார். புதன் சூரியனை நெருங்கும் நாளைக் கணக்கிட்டிருந்த அவர், கூரையின் இடுக்கு வழியே விழுந்த சூரிய உருவைத் தாளில் ஏந்திப் பார்த்தார். அதில் சிறு கரும்புள்ளி ஒன்று இருந்தது. புதனையே கண்டதாகக் கொண்டு 1609இல் நூலாகவும் வெளியிட்டார். தொலைநோக்கி வந்து சூரியப் புள்ளிகள் தெரிய வந்த பின்னர், தாம் கண்டது அவற்றுள் ஒன்றே என ஒப்புக்கொண்டார். அவருடைய கணக்கு அவரை ஒன்றை எதிர்பார்க்கச் செய்தது. எதிர்பார்ப்பு பெயரைத் தந்தது.

3. ஷைனரும் கலிலியோவும்

1611இல் யொகான்னஸ் ஃபாப்ரிசியஸ் சூரியப் புள்ளிகளைப் பற்றிய முதல் அச்சு நூலை வெளியிட்டார். அதே காலத்தில் இங்கோல்ஸ்டாட் நகரில் இருந்த கிறிஸ்டோஃப் ஷைனர் என்னும் இயேசு சபைத் துறவியும் புள்ளிகளைக் கண்டார். சூரியனில் கறை இருத்தல் ஆகாது என்று கருதிய அவர், அவை சூரியனைச் சுற்றிவரும் சிறு கோள்கள் என்று புனைபெயரில் மடல்கள் எழுதினார். அவற்றுக்கு மறுப்பாகக் கலிலியோ எழுதிய மூன்று மடல்கள் 1613இல் உரோமில் நூலாயின.

கலிலியோவின் மறுப்பு அடைமொழிகளால் ஆனதன்று, அளவுகளால் ஆனது. புள்ளிகள் வட்டத்தின் நடுவில் விரைந்தும் விளிம்பருகே மெதுவாகவும் நகர்கின்றன. விளிம்பை நெருங்குகையில் அகலம் குறுகி ஒடுங்குகின்றன. உருண்டையின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஒன்றுக்கே இவ்விரண்டும் பொருந்தும். வெகு தொலைவில் சுற்றும் உருண்டைக் கோளுக்குப் பொருந்தா. மேலும் அவை ஒழுங்கற்ற வடிவின. தோன்றுகின்றன, பிரிகின்றன, கரைகின்றன. ஆகவே அவை சூரியனின் மேற்பரப்பிலோ அதனை ஒட்டியோ உள்ளன. சூரியன் ஏறத்தாழ ஒரு திங்களில் தன்னைத்தானே சுற்றுகிறது. ஷைனரும் பல்லாண்டு உழைப்புக்குப் பின் 1630இல் முடித்த பெருநூலில் புள்ளிகள் சூரியனுக்கே உரியன என ஏற்றார். மேற்பரப்போடு சேர்ந்து நகர்வது புள்ளி, மேற்பரப்பைப் பொருட்படுத்தாமல் கடப்பது கோள் என்னும் உரைகல் அன்று கிடைத்தது.

4. புள்ளி எனக் கொள்ளப்பட்ட கோள்

1631 நவம்பர் 7ஆம் நாள் புதன் சூரியனைக் கடக்கும் என்று கெப்ளர் முன்னரே கணித்திருந்தார். அதனைக் காணாமலே 1630இல் மறைந்தார். பாரிசில் பியேர் கசெண்டி, தொலைநோக்கி வழியே சூரிய உருவை இருட்டறையில் தாளின்மேல் வீழ்த்திக் காத்திருந்தார். காலையில் மேகம் விலகியபோது ஒரு கரும்புள்ளி தெரிந்தது. அது புதன் என்று அவர் நம்பவில்லை. புதன் அதைவிடப் பெரிதாகத் தோன்றும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. ஆகவே அன்று புதிதாகத் தோன்றிய சூரியப் புள்ளி போலும் என எண்ணினார். ஆனால் அது நகர்ந்த விரைவு எந்தப் புள்ளிக்கும் இல்லாதது. அதன் பின்னரே புதன் எனத் துணிந்தார். மனிதர் ஒரு கடப்பை அறிந்து கண்டு பதிவு செய்தது அதுவே முதல் முறை.

கெப்ளர் புள்ளியைக் கோள் என்றார். கசெண்டி கோளைப் புள்ளி என்றார். இருபத்து நான்கு ஆண்டு இடைவெளியில் மயக்கம் தலைகீழானது. முன்னவரிடம் புள்ளி என்னும் கருத்து இல்லை. பின்னவரிடம் அது வேண்டிய அளவுக்கு மேல் இருந்தது. இருவரையும் விடுவித்தது இயக்கத்தை அளந்ததே.

5. இல்லாத கோளும் எதிர்பாராத சுழற்சியும்

இம்மயக்கம் அத்துடன் நின்றுவிடவில்லை. புதனுக்கும் உள்ளே ஒரு கோள் இருந்தால் அது சூரியனைக் கடக்கும்போது தெரியும் என்று கருதி, ஜெர்மனியின் தெசாவ் நகரில் மருந்துக்கடை நடத்திய ஹைன்ரிக் ஷ்வாபே 1826 முதல் நாள்தோறும் சூரியனை நோக்கினார். கோளையும் புள்ளியையும் பிரித்தறிய வேண்டி ஒவ்வொரு புள்ளியையும் குறித்து வைத்தார். கோள் கிடைக்கவில்லை. ஆனால் பதினேழு ஆண்டுப் பதிவுகள், புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 10 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைக் காட்டின. இன்று 11 ஆண்டுச் சூரியச் சுழற்சி என்று நாம் மாணவர்க்குக் கற்பிப்பது இதுவே.

1859இல் பிரெஞ்சு வானியலார் லெ வெரியே, புதனின் பாதை கணக்குக்கு மேல் சற்றே திரும்புவதைக் கண்டு, உள்ளே வேறொரு பொருள் இருக்க வேண்டும் என்றார். அதே ஆண்டு மார்ச்சில் லெஸ்கார்போ என்னும் நாட்டுப்புற மருத்துவர் சூரியன்மேல் உருண்டையான கரும்புள்ளி கடந்ததைக் கண்டதாக அறிவித்தார். வல்கன் என்று பெயரும் சூட்டப்பட்டது. பல்லாண்டு தேடியும் அக்கோள் அகப்படவில்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கை, புதனின் திருப்பத்தை வேறு கோளின் துணையின்றி விளக்கியது. பெயர் இருந்தது, பெயருக்கு உரிய பொருள் இல்லை.

பிற விண்மீன்களிலும் புள்ளி உண்டு என்னும் கருத்தும் பழையதே. சூரியப் புள்ளி நூலை எழுதிய ஃபாப்ரிசியசின் தந்தை டேவிட் ஃபாப்ரிசியஸ், மீரா என்னும் விண்மீன் ஒளி மாறுவதை 1596இல் கண்டவர். தந்தையின் விண்மீனையும் மகனின் புள்ளியையும் இணைப்பதுபோல், 1667இல் இஸ்மாயில் புலியோ, மீராவின் ஒரு பக்கத்தில் இருண்ட புள்ளிகள் இருப்பதாகவும் அது சுழல்வதால் ஒளி கூடிக் குறைவதாகவும் விளக்கினார். மீராவைப் பொறுத்தவரை இது பொருந்தவில்லை. அது விம்மிச் சுருங்கும் விண்மீன். எனினும் பின்னாளில் பல நூறு விண்மீன்களுக்கு அவ்விளக்கமே மெய்யாயிற்று.

6. புள்ளி என்பது யாது?

1908இல் அமெரிக்க வானியலார் ஜார்ஜ் எல்லரி ஹேல், சூரியப் புள்ளிகளில் வலிய காந்தப்புலம் இருப்பதை நிறுவினார். அப்புலம் உள்ளிருந்து வெப்பம் மேலெழுவதைத் தடுக்கிறது. அதனால் அவ்விடம் குளிர்கிறது. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின்; புள்ளியின் நடுப்பகுதி 4,000 கெல்வினும் அதற்குக் கீழும். தனியே எடுத்து வைத்தால் அதுவும் கண்ணைக் கூசச் செய்யும். சூழ உள்ள பேரொளியால்தான் கரிதாகத் தோன்றுகிறது. அடுத்த ஆண்டே, தமிழகத்தின் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட், புள்ளியின் விளிம்புப் பகுதியில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுதும் வழங்குவது அதுவே. அம்மலையில் நூறாண்டுக்கும் மேலாக எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இன்றும் ஆய்வுக்குப் பயன்படுகின்றன.

7. தொலைவிண்மீன்களின் கடப்பு

ஒரு பெருங்கோள் தன் விண்மீனை மிக நெருங்கிச் சுற்றினால், அது கடக்கும்போது விண்மீனின் ஒளி குறைவதை அளக்கலாம் என்று 1952இல் ஓட்டோ ஸ்ட்ரூவ எழுதினார். 1999இல் எச்.டி. 209458 என்னும் விண்மீனில் இரு ஆய்வுக் குழுக்கள் அதனைக் கண்டன. மூன்றரை நாளுக்கு ஒருமுறை அதன் ஒளி ஏறத்தாழ 1.6 விழுக்காடு குறைந்து, சில மணி நேரத்தில் மீண்டது.

இங்கே ஒரு வேறுபாட்டை ஆசிரியர்கள் மாணவர்க்குத் தெளிவாக்க வேண்டும். கசெண்டி வட்டத்தையும் புள்ளியையும் கண்ணால் கண்டார். தொலைவிண்மீனோ மிகப் பெரிய தொலைநோக்கியிலும் பெரும்பாலும் ஒளித்துளி மட்டுமே. அத்துளியின் மொத்த ஒளி எவ்வளவு குறைந்தது என்பதே நமக்குக் கிட்டும் செய்தி. கோளின் ஆரம் விண்மீனின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்கானால், மறைக்கும் பரப்பு நூறில் ஒரு பங்கு. ஒளி 1 விழுக்காடு குறையும். வியாழன் சூரியனைக் கடந்தால் இந்த அளவு. பூமி கடந்தால் 0.0084 விழுக்காடு மட்டுமே. பெரிய புள்ளிக்கூட்டம் ஒன்று சூரிய ஒளியை 0.1 விழுக்காட்டுக்கு மேலும் குறைப்பதைச் செயற்கைக்கோள்கள் அளந்துள்ளன. அஃதாவது, பூமியின் கடப்பைவிடப் பத்து மடங்குக்கு மேல்.

புள்ளியின் மங்கல் விண்மீனின் சுழற்சியோடு நாட்கணக்கில் மெல்ல ஏறி இறங்கும். கடப்பு மணிக்கணக்கில் முடியும். இவ்வேறுபாட்டால் பெரும்பாலும் இரண்டையும் பிரித்துவிடலாம். ஆயினும் ஏமாற்றங்கள் இல்லாமல் இல்லை. விண்மீனின் ஊசலாட்டத்தை அளந்து கோள் தேடும் முறையில், எச்.டி. 166435 என்னும் விண்மீன் நான்கு நாளுக்குச் சற்றுக் குறைந்த ஒழுங்கில் ஆடுவதாகத் தெரிந்தது. டிடியே கெலோவும் உடன் ஆய்ந்தோரும் 2001இல் அங்கே கோள் இல்லை, சுழலும் விண்மீனின் புள்ளிகளே அத்தோற்றத்தைத் தந்தன என்று காட்டினர்.

8. புள்ளியால் விளையும் பிழைகள்

கோள் உண்மையில் இருந்தாலும், புள்ளி அதன் அளவைத் திரிக்கும். முதலாவது, கோள் கடக்காத பகுதியில் உள்ள புள்ளிகள். விண்மீனின் பத்தில் ஒரு பங்கு புள்ளிகளால் மூடப்பட்டு, அவை பாதியளவே ஒளிர்கின்றன எனக் கொள்வோம். விண்மீனின் மொத்த ஒளி 95 விழுக்காடாகக் குறையும். கோள் மறைப்பதோ முழு ஒளியுள்ள பகுதியை. ஆகவே 1 விழுக்காடாக இருக்க வேண்டிய குறைவு 1.05 விழுக்காடாகத் தெரியும். கோள் மெய்யளவைவிட இரண்டரை விழுக்காடு பெரிதாகக் கணக்கில் வரும்.

இரண்டாவது, கோள் புள்ளியின் மேலேயே செல்லுதல். ஏற்கெனவே மங்கிய இடத்தை மறைப்பதால் இழப்பு குறையும். ஒளிவரைவின் பள்ளத்தில் சிறு மேடு எழும். கவனியாது சராசரி எடுத்தால் கோள் சிறிதாகிவிடும். மூன்றாவது, அம்மேடு பள்ளத்தின் விளிம்பில் அமைந்தால் கடப்பின் நடுநேரம் பெயர்ந்ததுபோல் தோன்றும். காணப்படாத மற்றொரு கோளின் ஈர்ப்பே காரணம் என்று பிழைபட எண்ண இடமாகும்.

நான்காவதே மிக நுட்பமானது. புள்ளிக்கும் சூழலுக்கும் உள்ள ஒளி வேறுபாடு நீல ஒளியில் மிகுதி, சிவப்பிலும் அகச்சிவப்பிலும் குறைவு. ஆகவே கடக்கப்படாத புள்ளிகள் கோளை நீல ஒளியில் பெரிதாகக் காட்டும். கோளின் காற்றில் நுண்புகை இருந்தாலும் அதே விளைவு உண்டாகும். எச்.டி. 189733 என்னும் விண்மீனின் கோளில் நீலம் நோக்கி அளவு பெருகுவதைக் கண்டோர் புகைமூட்டம் என்றனர். 2014இல் வேறு சில ஆய்வாளர், தெளிந்த காற்றும் விண்மீன் புள்ளிகளும் சேர்ந்தே அத்தோற்றத்தை விளக்கக்கூடும் என்றனர். ஒரே குறிக்கு இரு பொருள்.

9. தடையே கருவியாதல்

ஷ்வாபேக்கு நேர்ந்ததுபோல் இங்கும் தொல்லையாக வந்தது பயனாக மாறியது. பிரேசில் நாட்டு வானியலார் அட்ரியானா சில்வா, கடப்பின் பள்ளத்தில் எழும் மேடுகளைக் கொண்டு விண்மீனின் புள்ளிகளை அளக்கலாம் என்று 2003இல் காட்டினார். வேறு எவ்வகையாலும் காண இயலாத மேற்பரப்பைக் கோளே தடவிச் செல்கிறது. கண்ணற்றவர் விரல்நுனியால் புடைப்பெழுத்தைப் படிப்பதுபோல நாம் அதனைப் படிக்கிறோம். 2009இல் ஏவப்பட்ட விண்தொலைநோக்கிக்குக் கெப்ளரின் பெயரே இடப்பட்டது. சூரியப் புள்ளியைக் கோள் எனக் கொண்டவரின் பெயர் தாங்கிய அக்கருவியின் தரவுகளில்தான் விண்மீன் புள்ளிகள் ஏராளமாகப் பதிவாயின. அடுத்தடுத்த கடப்புகளில் ஒரே புள்ளி இடம் பெயர்ந்து மீண்டும் மீண்டும் தென்பட்டால், கோளின் பாதை விண்மீனின் சுழற்சியோடு ஒத்துள்ளது என அறியலாம். கெப்ளர்-30 என்னும் விண்மீனில் 2012இல் அவ்வாறே அறிந்தனர். புள்ளி மேற்பரப்போடு நகரும் என்று கலிலியோ கண்டதே இங்கும் அடிப்படை.

10. நீராவி யாருடையது?

சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த செங்குறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களே இன்று மிகுதியாக ஆராயப்படுகின்றன. விண்மீன் சிறிதாதலால் பூமியொத்த கோளும் அளக்கத்தக்க பள்ளத்தைத் தரும். ஆனால் அவ்விண்மீன்களுள் பல புள்ளிகள் நிறைந்தவை. கடப்பின்போது கோளின் காற்றினூடே வரும் ஒளியை விண்மீனின் மொத்த ஒளியோடு ஒப்பிடுகிறோம். கோள் கடக்கும் பட்டையும் மொத்த முகமும் ஒத்திராவிட்டால் ஒப்பீடே பிழையாகிவிடும் என்பதைப் பெஞ்சமின் ரேக்கமும் உடன் ஆய்ந்தோரும் 2018இல் விரிவாக எடுத்துக்காட்டினர்.

இதன் கூர்மையை ஒரு செய்தி உணர்த்தும். சூரியப் புள்ளிகளிலேயே நீர் மூலக்கூறுகள் வெந்நீராவியாக இருப்பதை 1995இல் கண்டறிந்தனர். சூரியனைவிடக் குளிர்ந்த விண்மீனின் புள்ளியில் அது இன்னும் மிகுதியாக இருக்கலாம். 2023இல் வெளியான ஆய்வின்படி, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, 26 ஒளியாண்டுத் தொலைவில் ஜி.ஜே. 486 என்னும் செங்குறு விண்மீனைச் சுற்றும் பாறைக்கோளின் கடப்புகளை அளந்தது. நீராவியின் குறி தெரிந்தது. ஆய்வாளர் அறிவித்ததோ இரு வழிப்பட்ட முடிவு: அது கோளின் காற்றில் உள்ள நீராவியாக இருக்கலாம், விண்மீனின் புள்ளிகளில் உள்ள நீராவியாகவும் இருக்கலாம். ஏழு கோள்களைக் கொண்ட டிராப்பிஸ்ட்-1 விண்மீனிலும், அவ்வாண்டு வெளியான அளவுகளில் கோளின் குரலைவிட விண்மீனின் குரலே ஓங்கியிருந்தது. விண்மீனையும் கோளையும் கட்புல ஒளியிலும் அகச்சிவப்பிலும் ஒருங்கே நோக்கிப் பிரித்தறிவதற்கென்றே நாசாவின் பண்டோரா என்னும் சிறு செயற்கைக்கோள் திட்டம் வகுக்கப்பட்டது.

நிறைவாக

நானூறு ஆண்டுகளில் கருவிகள் மாறின, வினா மாறவில்லை. கண்டவர் எவரும் கண்ணால் பிழை செய்யவில்லை. கண்டதற்குப் பெயரிட்ட இடத்தில்தான் பிழை நேர்ந்தது. இதனாலேயே இப்பொருள் மொழி கற்பிப்போருக்கும் உரியது என்கிறோம். வேற்றுக்கோளில் நீர் கண்டுபிடிப்பு என்று தலைப்பு எழுதுவது எளிது. நீராவியின் குறி கிடைத்துள்ளது, அது கோளுடையதாகவோ விண்மீனுடையதாகவோ இருக்கலாம் என்று எழுதுவது சற்று நீளம். ஆனால் அதுவே மெய்.

அந்த மெய்யைச் சொல்லத் தமிழில் வளமான வடிவங்கள் உண்டு. உள்ளது, இருக்கலாம், எனத் தோன்றுகிறது, என்பர் என ஒவ்வொன்றும் துணிவின் வேறு வேறு படியைக் குறிக்கும். வகுப்பறையில் அறிவியல் கட்டுரை எழுதப் பயிற்றும்போது கலைச்சொற்களைத் திருத்துகிறோம், வினைமுற்றுகளை விட்டுவிடுகிறோம். ஒரு கட்டுரையில் உள்ள உள்ளது, இருக்கலாம் ஆகியவற்றை மாணவர் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் சான்று என்ன என்று வினவும் பயிற்சியை ஆசிரியர்கள் செய்து பார்க்கலாம். கட்டையா மனிதனா எனத் தெரியாதபோது பொதுச்சொல் கூறுக என்ற இலக்கண மரபுக்கும், ஜி.ஜே. 486 குறித்து இரு முடிவையும் திறந்து வைத்த இன்றைய ஆய்வாளரின் நெறிக்கும் இடையே பெருந்தொலைவு இல்லை. அந்நெறியை அறிவியல் பாடத்திலும் தமிழ்ப் பாடத்திலும் ஒருசேரக் கற்பிக்கும் வாய்ப்பு நம் ஆசிரியர்களின் கையில் உள்ளது.